கூடப் பிறந்தவருக்குக் கீமோ: வாசகர் கேள்விகள்

புற்றுநோய் சிகிச்சை தொடங்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளில், அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகள் எழுதியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர்கள் புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியரும் மருத்துவச் சமூகப் பணியாளரும். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் மருத்துவரின் வேலை. இங்கே சொல்லப்படுவது அதற்கு வெளியே, கூட இருப்பவர் செய்யக்கூடியது.

கேள்வி: என் அக்காவுக்கு 44 வயது. இடது மார்பில் கட்டி, பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே கீமோ, 21 நாளுக்கு ஒன்று என்கிறார்கள். மாமாவால் கடையை விட்டு நகர முடியாது. நான் திருப்பூரில் இருக்கிறேன், அக்கா திண்டுக்கல்லில். அடிக்கடி போக முடியாது. உருப்படியாக நான் என்ன செய்யலாம்?
— தங்கை, திருப்பூர்

பதில்: முதலில் ஃபைலைக் கையில் எடுங்கள். ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது உங்களால் முடியும். பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'புற்று' என்ற ஒரு சொல் போதாது. கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற புரதம் கூடுதலா என்று காட்டும் ஹெர்2 என மூன்று முடிவுகள் இருக்க வேண்டும். எந்த மருந்து என்பதே இந்த மூன்றை வைத்துத்தான். ஹெர்2 முடிவு '2+' என்று வந்தால் அது ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஃபிஷ் என்று இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். இதற்காகச் சில நாள் காத்திருக்கும்போது வீட்டில் பதற்றம் கூடும். அந்த நாட்கள் வீண் அல்ல என்பதை மாமாவுக்கும் அம்மாவுக்கும் நீங்கள் சொல்லிப் புரியவைக்கலாம். வேறு மருத்துவமனையில் ஒரு கருத்துக் கேட்க நினைத்தால் வெறும் காகிதம் போதாது. பயாப்ஸி செய்த இடத்தில் எழுதிக் கொடுத்து கட்டியிலிருந்து எடுத்த சதை இருக்கும் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் வாங்குங்கள். பிளாக் தொலைந்தால் திரும்ப ஊசி குத்த வேண்டிவரலாம். பஸ்ஸில் மேல் பலகையில் வைக்காதீர்கள்.

கீமோவுக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். எக்கோ எடுத்தாயிற்றா? 'சிவப்பு மருந்து' என்று வார்டில் சொல்லும் டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது, அதனால்தான் எக்கோ. மஞ்சள் காமாலை பி பரிசோதனை செய்தாயிற்றா? உடம்பில் அடங்கிக் கிடக்கும் கிருமியைக் கீமோ எழுப்பிவிடலாம். சொத்தைப் பல் இருக்கிறதா? வெள்ளையணு குறையும்போது அங்கிருந்து கிருமி பரவும். கட்டிக்குள் கிளிப் வைப்பார்களா? இதைப் பலர் கேட்பதில்லை. கீமோவில் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால், பிறகு ஆபரேஷன் செய்பவருக்கு இடம் தெரிய வேண்டும். கடுகளவு உலோகத் துண்டு அதற்குத்தான். கடைசியாக, போர்ட் போடலாமா, அதாவது மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பெரிய நரம்போடு இணைத்து ஒரு சிறு கருவி வைக்கலாமா என்று கேளுங்கள். சிவப்பு மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலும் சதையும் புண்ணாகும். கை நரம்பு கிடைக்காமல் மூன்று நான்கு முறை குத்தும் கைகளுக்குப் போர்ட் பெரிய உபகாரம். கை நரம்பில்தான் ஏற்றுகிறார்கள் என்றால், எரிகிறது, வலிக்கிறது என்று தோன்றிய நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும். 'கொஞ்சம் பொறுத்துக்கலாம்' என்று இருக்கவே கூடாது.

இனி காலண்டர். கீமோ ஏறும் நாளை 1 என்று குறித்து 21 வரை எண் போட்டு அக்கா வீட்டுச் சுவரில் ஒன்று, உங்களிடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மருந்து என்றால் முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல. முன்கூட்டியே சொல்லாவிட்டால் ராத்திரி பயந்துவிடுவார். இரண்டிலிருந்து நான்காம் நாள் வரை குமட்டல். வாந்தி மாத்திரை வாந்தி வந்த பிறகு போடுவதற்கல்ல, வராமல் இருக்கப் போடுவது. 'இன்னிக்கு நல்லாத்தானே இருக்கு' என்று மூன்றாம் நாள் மாத்திரையை விடுபவர்களுக்குத்தான் நான்காம் நாள் தலைகீழாகப் போகும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் கொடுங்கள். மாலையில் போட்டால் தூக்கம் போய்விடும். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும், அதையும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். ஆன்டன்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலத்தைக் கட்டும். மூன்றாம் நாளிலிருந்து அக்கா வயிற்று உப்புசம் என்று சொன்னால் பெரும்பாலும் காரணம் அதுதான். மலமிளக்கி மருந்தை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். வீட்டில் எனிமா மட்டும் வேண்டாம்.

ஏழிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணு தரை தட்டும் காலம். காய்ச்சல் வந்தால் ஆபத்தாவது இந்த வாரத்தில்தான். பதினைந்துக்கு மேல் உடம்பு தெளியும், பசி எடுக்கும். அதே நேரத்தில் தலைமுடி கொத்தாக வரத் தொடங்கும். தலையணையில் பார்த்து அழுவதைவிட, உதிரத் தொடங்கியதும் மொட்டை போட்டுக்கொள்வது பலருக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அது அக்காவின் முடிவு. இருபதாம் நாள் வாக்கில் ரத்தப் பரிசோதனை. வெள்ளையணு போதாவிட்டால் அடுத்த கீமோவை ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். அது யாருடைய சமையல் குற்றமும் இல்லை.

இப்போது நீங்கள் எப்போது போக வேண்டும் என்பது தெளிவாகியிருக்கும். கீமோ நாளில் ஆள் கூடும். சித்தப்பா வருவார், பக்கத்து வீட்டுக்காரர் வருவார், ஆளுக்கு ஒரு பை ஆப்பிள் வரும். பத்தாம் நாள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். உங்களால் ஒரு வாரம் மட்டும்தான் லீவு எடுக்க முடியும் என்றால் எட்டாம் நாள் பஸ் ஏறுங்கள். மற்ற நாட்களில் காலை, மாலை இரண்டு வேளையும் டெம்பரேச்சர் என்ன என்று போனில் கேட்டு எழுதுங்கள். 'எப்படி இருக்கே?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். எண்ணைக் கேட்டால் எண் வரும்.

கேள்வி: தம்பிக்கு இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் 101 டிகிரி காய்ச்சல். காய்ச்சல் மாத்திரை கொடுத்தோம், இறங்கியது. விடியற்காலையில் குளிர் நடுக்கம், பிறகு ஐசியூ வரை போய்விட்டது. இப்போது தேறிவிட்டான். எங்கே தவறவிட்டோம்?
— அண்ணன், விருதுநகர்

பதில்: மாத்திரையில். அது காய்ச்சலை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. வெள்ளையணு இல்லாத உடம்பில் சீழோ வீக்கமோ வராது, சளி கூட வராமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் மணி அடிக்கும். அந்த மணியின் நாக்கைக் கட்டிவிட்டீர்கள். வீட்டுக்கு வீடு நடப்பதுதான் இது. டிஸ்சார்ஜ் கவுண்டரில் அவசரத்தில் யாரும் விளக்கிச் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். கீமோ நடக்கும் காலத்தில் அதைத் தொட்டால் மாத்திரை கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும், ராத்திரி 2 மணியானாலும். காய்ச்சலே இல்லாமல் நடுக்கம் மட்டும் வந்தாலும், மயக்கம் குழப்பம் வந்தாலும் அதேதான். டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வையுங்கள். காபி குடித்த உடனே பார்த்தால் எண் பொய் சொல்லும். அரை மணி கழியட்டும். அக்குளில் பார்த்தால் குறைவாகக் காட்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மாத்திரையோ வைக்கக் கூடாது, அங்கே சிறு கீறல் போதும் கிருமி உள்ளே போக.

விருதுநகரிலிருந்து கீமோ போட்ட ஊருக்குப் போக நேரம் பிடிக்கும். அதனால் பக்கத்தில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இப்போதே தீர்மானித்துவிடுங்கள். அங்கே இருக்கும் டூட்டி டாக்டருக்குத் தம்பியின் கதை தெரியாது. ஒரு சீட்டு எழுதி பர்ஸில் வையுங்கள்: நோயின் பெயர், கீமோ மருந்துகளின் பெயர், கடைசியாக ஏறிய தேதி, ஒவ்வாமை, கீமோ மருத்துவமனையின் அவசர எண். உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வரி 'காய்ச்சல்' அல்ல. 'கீமோ ஏறி பத்து நாள் ஆன நோயாளி, காய்ச்சல்' என்பதுதான். ரத்தம் எடுத்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. முதல் டோஸை உள்ளூரில் போட்டுக்கொண்டு பிறகு பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். இடுப்பில் ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் குறைந்திருந்தால் அந்த ஊசி குத்திய இடத்திலேயே ரத்தம் கட்டும்.

அடுத்த சுற்றில் வெள்ளையணுவைக் கூட்டும் ஊசி எழுதுவார்கள். கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். 2 முதல் 8 டிகிரியில் வைக்கும் மருந்து அது. ஃப்ரிட்ஜில் கீழ்த் தட்டில் வையுங்கள், ஃப்ரீஸரில் உறைந்தால் அந்த ஊசியைப் போடக் கூடாது. பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஐஸ் பேக்கில் நேராகப் படாமல் துணி சுற்றி வையுங்கள். போட்ட மறுநாள் இடுப்பெலும்பும் முதுகும் விண்விண் என்று வலிக்கலாம், மஜ்ஜை வேலை செய்கிறது. அந்த வலிக்கு மாத்திரை கொடுக்குமுன் டெம்பரேச்சர் பாருங்கள்.

கேள்வி: தங்கைக்கு வாயெல்லாம் கசப்பு. அம்மா சர்க்கரையை அறவே நிறுத்திவிட்டார், 'புற்றுக்குத் தீனி' என்கிறார். முள்சீத்தா இலைக் கஷாயமும் ஒரு மூலிகைப் பொடியும் கொடுக்கலாமா?
— அக்கா, கும்பகோணம்

பதில்: சர்க்கரை சாப்பிட்டதால் புற்று வேகமாக வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எடை குறைவதுதான் நிஜமான எதிரி. முள்சீத்தா, பப்பாளி இலைச் சாறு, மஞ்சள் கேப்ஸ்யூல், பெயரில்லாத பொடி எதையும் கீமோ நடக்கும்போது மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். பல கீமோ மருந்துகளைக் கரைப்பது கல்லீரல். அதே கல்லீரலுக்கு இன்னொரு வேலை கொடுத்தால் மருந்து கூடுதலாகவோ குறைவாகவோ வேலை செய்யும், எதனால் என்றும் கண்டுபிடிக்க முடியாது. குழம்பில் போடும் மஞ்சள் தூளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கசப்புக்கு: எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக் கரண்டியோ பிளாஸ்டிக்கோ. சாப்பாட்டுக்கு முன் வாய் கொப்பளிக்க ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு. ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், எரியும். சூடான உணவின் வாசனைதான் குமட்டும். ஆறிய இட்லி, தயிர் சாதம் இறங்கும். தயிர் காய்ச்சிய பாலில் வீட்டில் தோய்த்ததாக, அன்றன்றைக்குரியதாக இருக்கட்டும். மூன்று வேளை தட்டு நிறைய வைத்து வற்புறுத்துவதைவிட ஆறு வேளை கைப்பிடி அளவு. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 55 கிலோ என்றால் 55 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான், கணக்கைப் பாருங்கள். ரசமும் கஞ்சியும் மட்டும் போதாது. முட்டை முழுக்க வேகட்டும், ஆஃப்பாயில் வேண்டாம். வெளியில் அரைத்த தேங்காய்ச் சட்னி, வெட்டி வைத்த பழம், தெருவோர ஜூஸ் கூடாது. வாழை, ஆரஞ்சு போல வீட்டில் தோலுரித்துத் தின்னும் பழம் நல்லது.

கேள்வி: அண்ணனுக்கு 58 வயது, அடிநாக்கில் புற்று. 35 நாள் கரண்ட் (கதிர் சிகிச்சை) வைக்க வேண்டும், கூடவே வாரம் ஒரு கீமோ. அண்ணி 'அவருக்குத் தெரிய வேண்டாம், புண்ணுன்னு சொல்லியிருக்கோம்' என்கிறார். நான்தான் கூடப் போகிறேன். எவ்வளவு நாள் மறைக்க முடியும்?
— தம்பி, நாகர்கோவில்

பதில்: கதிரியக்கப் பிரிவின் வாசல் வரை. அங்கே போர்டில் எழுதியிருக்கும், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியதும் அண்ணன்தான். பெரும்பாலும் நோயாளிக்கு முன்பே தெரிந்திருக்கும். நீங்கள் மறைப்பதால் அவரும் உங்களிடம் மறைப்பார். அண்ணியை எதிர்த்துப் போட்டு உடைக்கவும் வேண்டாம். அண்ணனிடமே கேளுங்கள்: 'டாக்டர் சொல்றதெல்லாம் உனக்கே நேராச் சொல்லட்டுமா, இல்ல நான் கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா?' சிலர் 'நீயே பாத்துக்கடா' என்பார்கள். அதுவும் பதில்தான், ஆனால் அவர் சொன்ன பதில். சொல்லும் வேலையை மருத்துவரிடம் விடுங்கள், அண்ணியும் அறையில் இருக்கட்டும்.

ஏன் மறைக்கக் கூடாது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. இது கடினமான ஏழு வாரம். வெறும் புண் என்று நம்புபவர், மூன்றாம் வாரம் தொண்டை வெந்து எச்சில்கூட விழுங்க முடியாதபோது 'புண்ணு கூடிப்போச்சு, ஊருக்குப் போலாம்' என்று கிளம்பிவிடுவார். வாரத்தில் ஐந்து நாள் வீதம் 35 முறை. இடையில் விட்டால் அந்த இடைவெளியில் புற்றணுக்கள் திரும்பப் பெருகும், விட்டதைப் பிறகு சேர்த்து வைப்பது முழு ஈடாகாது. பீடி, புகையிலை முதல் நாளே நிற்க வேண்டும்.

தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டிப் பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள். புண் ஆறவே இரண்டு வாரம் தேவை. கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து, பல வருடம் கழித்தும் உண்டு. கதிர் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அச்சு எடுக்கும் நாளில் தாடியை மழித்துக்கொண்டு போகட்டும். எடையை வாரம் ஒரு முறை அதே தராசில் பாருங்கள். முகம் மெலிந்தால் அச்சு தொளதொளவென்று ஆகி, கதிர் குறி தவறும். மறுபடி அளவெடுக்க வேண்டிவரும். மூக்குக் குழாய் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாயில் ஒரு வேளைக்கு 200 மில்லி, ஒரு நாளைக்கு ஆறேழு வேளை. நிமிர்ந்து உட்கார வைத்து, கொடுத்த பின் அரை மணி படுக்கவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மில்லி வெந்நீர் ஆறவைத்து ஊற்ற வேண்டும். குழாய் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் வடிகட்டாத கேழ்வரகுக் கஞ்சியாலும் சரியாகப் பொடிக்காத மாத்திரையாலும்தான். குழாய் இருந்தாலும் தினம் சில மடக்குத் தண்ணீராவது வாயால் விழுங்கிக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் விழுங்கும் தசை மறந்துபோகும். மருத்துவர் வேண்டாம் என்றால் மட்டும் நிறுத்துங்கள். வாராந்திரக் கீமோ சிஸ்பிளாட்டின் என்றால் சிறுநீரகத்துக்குத் தண்ணீர் நிறைய வேண்டும்; பல்வலி, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரை கூடாது. காதில் இரைச்சல் என்றால் அடுத்த டோஸுக்கு முன் சொல்லுங்கள்.

கேள்வி: 24 வயதுத் தம்பிக்கு ரத்தப் புற்று, ஏஎம்எல். எனக்கும் அதே ரத்த வகை. நானே ரத்தம் கொடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்கிறார்கள். ஏன்?
— அக்கா, சேலம்

பதில்: உங்களைப் பின்னால் பெரிய வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களில் ஒருவரின் மஜ்ஜை இன்னொருவருக்கு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இப்போதே உங்கள் ரத்தம் தம்பிக்குள் போனால் அவன் உடம்பு உங்கள் அணுக்களை எதிரியாக அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளலாம். பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ பரிசோதனைக்கு உங்கள் கொஞ்சம் ரத்தமோ கன்னத்தின் உட்புறம் எடுக்கும் பஞ்சோ போதும். பிறகு தானம் கொடுப்பது என்றால் நான்கைந்து நாள் ஊசி, அப்புறம் சில மணி நேரம் ஊசிக் குழாயோடு படுத்திருப்பது. பெரும்பாலும் ஆபரேஷன் இல்லை.

இப்போதைக்கு உங்கள் வேலை கொடையாளர் பட்டியல். முதல் கட்ட சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வார்டிலேயே இருக்க வேண்டியிருக்கும், அந்த மாதம் முழுக்கத் தட்டணு தேவைப்படும். தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும். வாட்ஸ்அப்பில் போட்டு ஒரே நாளில் பன்னிரண்டு பேரை வரவழைத்தால் வீணாகும். நாளுக்கு ஒருவர் என்று தேதி போட்டு வரிசைப்படுத்துங்கள். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டவரைத் தள்ளிப்போடுங்கள். உறவுக்காரர்களைவிடத் தம்பியின் காலேஜ் நண்பர்கள் நல்லது. இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் உடனே கேளுங்கள்: கீமோவுக்கு முன் விந்தைச் சேமித்து வைக்க நேரம் இருக்கிறதா? ஏஎம்எல்லில் நாட்கள் குறைவு, சில வேளை முடியாது. அக்கா கேட்கச் சங்கடம் என்றால் மாமாவை விட்டுக் கேளுங்கள்.

கேள்வி: என் பெயரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் கல்யாணமான அக்காவுக்குச் சிகிச்சை எடுக்கலாமா?
— தம்பி, தேனி

பதில்: முடியாது. அக்காவின் பெயர் அவர் புகுந்த வீட்டு ரேஷன் கார்டில் இருக்கும். அட்டையும் அந்தக் குடும்பத்துக்குத்தான். உங்கள் கம்பெனி இன்சூரன்ஸிலும் உடன்பிறந்தவர் பெரும்பாலும் வரமாட்டார். மாமா பெயரில் வாங்குங்கள்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சந்தேகத்துக்கு 1800 425 3993. ஒப்புதல் சிகிச்சைக்கு முன்பே வர வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டால் கிடைக்காது.

ரயிலில் போவதானால் மருத்துவமனையில் சலுகைப் படிவம் வாங்கி ரிசர்வேஷன் கவுண்டரில் கொடுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

கேள்வி: அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்று. எனக்கு 36. எனக்கும் வருமா?
— தங்கை, காரைக்குடி

பதில்: முதலில் மரபணுப் பரிசோதனை அக்காவுக்கு, உங்களுக்கு அல்ல. 50 வயதுக்குள் வந்திருப்பதால் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு மார்பகப் புற்று ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருந்தால் உங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, உங்கள் அண்ணன் தம்பிக்கும் அதே. ஆண்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் வழியாக மகள்களுக்குப் போகும். பரிசோதனை செய்யாவிட்டாலும் அக்காவுக்கு வந்த வயதில் பத்தைக் கழித்து, 31-லிருந்தே மருத்துவரிடம் காட்டத் தொடங்கியிருக்க வேண்டும். ஐந்து வருடம் தாமதம், இந்த மாதமே போங்கள். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் ஸ்கேன் எடுக்கும்போது வலி குறைவு. அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட் நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.